செல்வாக்குக்கும் கணக்கு வேண்டும்

ஒரு பெருநிறுவனம் அரசின் முடிவுகளைத் தனக்கு இசைவாகத் திருப்ப முயலும்போது அதற்கு இரண்டு வழிகள் இருக்கின்றன. அரசியல் கட்சிகளுக்கு நன்கொடை கொடுப்பது முதல் வழி. அமைச்சர்களையும் துறைச் செயலர்களையும் நேரடியாகவோ தொழில் கூட்டமைப்புகள் மூலமாகவோ அணுகி, ஒரு சட்டத்தின் பிரிவையோ ஓர் அறிவிக்கையின் வரியையோ மாற்றச் செய்வது இரண்டாவது வழி. பத்திரிகைகளில் ‘லாபி’ என்று குறிப்பிடப்படுவது இந்த இரண்டாவது வழியே. 2024 பிப்ரவரி 15 அன்று தேர்தல் பத்திரத் திட்டத்தை உச்ச நீதிமன்றம் ரத்து செய்ததால் முதல் வழியின்மீது ஓரளவு வெளிச்சம் விழுந்திருக்கிறது. இரண்டாவது வழியைப் பதிவு செய்யவோ வெளியிடவோ கட்டாயப்படுத்தும் சட்டம் எதுவும் இந்தியாவில் இல்லை. யார் எவ்வளவு பணம் கொடுத்தார் என்பது தெரிந்தும், கொடுத்தவர் அரசிடம் என்ன கேட்டார் என்பது தெரியாமல் போனால், குடிமக்கள் கையில் இருப்பது பாதிக் கணக்கு மட்டுமே. மறுபாதியைக் கேட்டுப் பெறவேண்டியது ஏன் என்பதை, தொழிற்பேட்டைகளும் மீனவக் குப்பங்களும் பல்லவர் காலச் சின்னங்களும் அணுமின் நிலையமும் அடுத்தடுத்து அமைந்த செங்கல்பட்டு மாவட்டம் தெளிவாகக் காட்டுகிறது.

மீட்டர்களால் ஆளப்படும் கரை

2019 நவம்பர் 29 அன்று காஞ்சிபுரத்திலிருந்து பிரிக்கப்பட்ட இம்மாவட்டத்தின் கடற்கரை, கோவளம், மாமல்லபுரம், கல்பாக்கம் வழியாகத் தெற்கே ஆலம்பரை வரை நீளுகிறது. இங்கு யார் எதைக் கட்டலாம் என்பதை நிர்ணயிப்பவை பெரும்பாலும் டெல்லியில் எழுதப்படும் விதிகள். அவ்விதிகள் யாவும் தூரத்தைச் சொல்லும் எண்களாகவே மண்ணில் வந்து இறங்குகின்றன. தொல்லியல் துறையால் பாதுகாக்கப்படும் சின்னங்களைச் சுற்றி 100 மீட்டர் தடைசெய்யப்பட்ட பகுதி, அதற்கப்பால் 200 மீட்டர் கட்டுப்பாட்டுப் பகுதி என்ற விதி மாமல்லபுரத்து வீட்டுக்காரர் ஒவ்வொருவருக்கும் மனப்பாடம். கல்பாக்கம் அணுமின் நிலையத்தைச் சுற்றிக் குடியிருப்பு கூடாத வளையமும், அதற்கு வெளியே வளர்ச்சி கட்டுப்படுத்தப்பட்ட 5 கிலோமீட்டர் வளையமும் உண்டு. இவையெல்லாவற்றையும்விட அதிக நீளத்துக்குச் செல்வது கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை.

1991 பிப்ரவரியில் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வெளியான முதல் அறிவிக்கை, உயர் அலைக் கோட்டிலிருந்து, அதாவது ஓதம் பெருகும்போது நீர் ஏறி நிற்கும் எல்லையிலிருந்து, நிலப்பக்கமாக 500 மீட்டரை ஒழுங்குமுறைக்கு உட்படுத்தியது. ஊரகக் கடற்கரையில் அதன் முதல் 200 மீட்டரைப் புதிய கட்டுமானம் கூடாத பகுதியாக்கியது. ஓட்டல், சுற்றுலாத் துறையினர் இதற்கு எதிராக முறையிட்டதைத் தொடர்ந்து 1992இல் பி.பி.வோரா தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. 1994 ஆகஸ்டில் அறிவிக்கை திருத்தப்பட்டு, ஆறுகள், கழிமுகங்களின் ஓரம் விடவேண்டிய 100 மீட்டர் 50 மீட்டராகக் குறைக்கப்பட்டதுடன், தடைப் பகுதிக்குள்ளும் கட்டுமானத்துக்கு அனுமதி தரும் அதிகாரத்தை மத்திய அரசு தன்வசம் எடுத்துக்கொண்டது. 1996 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அவ்விரு தளர்வுகளையும் செல்லாதவை என்றது. அதன்பின் அந்த அறிவிக்கை திரும்பத் திரும்பத் திருத்தப்பட்டு, 2011இல் புதிய அறிவிக்கையால் மாற்றப்பட்டு, 2019 ஜனவரியில் மீண்டும் மாற்றப்பட்டது. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி ஒரு சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வாழும் ஊரகக் கடற்கரைகளில், 200 மீட்டர் தடைப் பகுதி 50 மீட்டராகச் சுருங்கலாம் என்பது கடைசி மாற்றத்தின் சாரம்.

இந்த 150 மீட்டர் வேறுபாட்டின் பொருளைத் தேவனேரி, கொக்கிலமேடு போன்ற மீனவ ஊர்களில் கண்ணால் காணலாம். கடலுக்கும் முதல் வீட்டு வரிசைக்கும் நடுவே கிடக்கும் மணல்வெளி, வெளியூரிலிருந்து வருபவருக்கு வெற்றிடமாகத் தோன்றக்கூடும். ஃபைபர் படகுகள் ஏற்றி நிறுத்தப்படுவதும், வலைகள் விரித்துப் பழுது பார்க்கப்படுவதும், விற்றது போக எஞ்சிய நெத்தலி கருவாடாகக் காய்வதும், கரைவலைக் கயிற்றைப் பிடித்து இரு வரிசை ஆட்கள் நின்று இழுப்பதும், புயல் எச்சரிக்கை வந்தால் படகையும் எஞ்சினையும் மேலும் உள்ளே தள்ளி வைப்பதும் அந்த வெளியில்தான். ஊருக்குப் பொதுவான அந்த மணலுக்குப் பட்டா கிடையாது. அதைக் காக்கக்கூடிய ஒரே ஆவணம் அறிவிக்கையில் இருக்கும் அந்த எண்ணும், அதன்படி வரையப்படும் கடலோர மேலாண்மை வரைபடமும்தான். 2023இல் வரைவு வரைபடங்கள் வெளியானபோது, மீன்பிடி ஊர்களின் பொதுப் பயன்பாட்டு இடங்கள் அவற்றில் முழுமையாக இடம்பெறவில்லை என்று தமிழக மீனவர் அமைப்புகள் எழுப்பிய முறையீடு இந்த அச்சத்திலிருந்து பிறந்தது.

விதியைத் தளர்த்துவது எப்போதும் தவறு என்று சொல்வதற்கில்லை. நெருக்கமாகிவிட்ட குப்பங்களில் மகனுக்குத் தனி வீடு கட்ட இடமில்லாத மீனவக் குடும்பத்துக்கும் 200 மீட்டர் தடை இடையூறாக இருந்ததுண்டு. தளர்வைக் கேட்டவர்கள் யார், எந்த வாசகத்தைக் கேட்டார்கள், அதில் எது ஏற்கப்பட்டது என்ற மூன்று கேள்விகளுக்கு அரசு ஆவணத்தில் விடை இருக்க வேண்டும் என்பதே இங்கு வலியுறுத்தப்படுவது. கடற்கரை விதிகள் குறித்து எம்.எஸ்.சுவாமிநாதன் தலைமையிலான குழு 2009இல் அளித்த அறிக்கையைத் தொடர்ந்து, அப்போதைய அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் சென்னை உள்ளிட்ட கடலோர நகரங்களில் மீனவர்களைத் திறந்த கூட்டங்களில் சந்தித்துக் கருத்துக் கேட்டார். யார் என்ன பேசினார்கள் என்பதை ஊர் அறிந்தது. அதே விதிகளை ஆராய 2014இல் அமைக்கப்பட்ட சைலேஷ் நாயக் குழுவின் அறிக்கையோ, 2015 ஜனவரியில் அரசிடம் அளிக்கப்பட்ட பின்னரும் வெளியிடப்படவில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் மேல்முறையீடு சென்று, 2016இல் மத்தியத் தகவல் ஆணையம் உத்தரவிட்ட பிறகே அது பொதுமக்கள் பார்வைக்கு வந்தது. 2019 அறிவிக்கைக்கு அடித்தளமிட்ட அறிக்கையையே வழக்காடிப் பெறவேண்டியிருந்த நாட்டில், அந்த அறிவிக்கைக்காக எந்தெந்த நிறுவனங்கள் எந்தெந்த அறைகளில் வாதாடின என்பதைக் குப்பத்து மக்கள் அறிய வழியேது?

கம்பெனியின் ஜாகீர்

பெருநிறுவனத்தின் அரசியல் செல்வாக்கு என்பது செங்கல்பட்டுக்குப் புதிய செய்தியன்று. ஆற்காடு நவாப் முகமது அலி 1763இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வழங்கி, 1765இல் முகலாயப் பேரரசர் உறுதி செய்த நிலப்பகுதிதான் பின்னாளில் செங்கல்பட்டு மாவட்டமாயிற்று. கம்பெனி ஆவணங்களில் அதன் பெயரே ‘ஜாகீர்’. ஒரு வணிக நிறுவனம் தென்னிந்தியாவில் பரந்த நிலப்பரப்புக்கு உரிமையாளரான தொடக்கங்களுள் இதுவும் ஒன்று.

நவாப் தம் படைச் செலவுக்கும் ஆடம்பரத்துக்கும் கம்பெனி ஊழியர்களிடமே கடுவட்டிக்குக் கடன் வாங்கி, அன்று ‘கர்நாடகம்’ எனப்பட்ட தம் ஆட்சிப் பகுதியின் மாவட்டங்களது நிலவரியை ஈடாக வைத்தார். நவாபுக்குக் கடன் கொடுத்தவர்களே சென்னைக் கோட்டையின் ஆட்சிக் குழுவிலும் அமர்ந்திருந்ததால், அவர்கள் எடுத்த முடிவு கம்பெனிக்காகவா, தங்கள் பணத்துக்காகவா என்று பிரித்தறிய முடியாத நிலை உருவாயிற்று. தஞ்சாவூர் அரசை மீண்டும் அதன் மன்னரிடம் ஒப்படைத்த ஆளுநர் பிகாட் பிரபு 1776இல் தம் குழுவினராலேயே கைது செய்யப்பட்டு மறு ஆண்டு காவலிலேயே இறந்ததற்கு இந்தக் கடன் நலன்கள் பெரும் காரணம். கடன்காரர்களுள் முதன்மையானவரான பால் பென்ஃபீல்டு இங்கிலாந்து நாடாளுமன்றத்துக்குத் தமக்கு வேண்டியவர்களை அனுப்பியிருக்கிறார் என்றும், அதனால்தான் பிரதமர் பிட்டின் அரசு அக்கடன்களை விசாரணையின்றி ஏற்றுக்கொண்டது என்றும் எட்மண்ட் பர்க் 1785 பிப்ரவரி 28 அன்று அந்நாட்டு மக்களவையில் குற்றம் சாட்டினார். பின்னர் முளைத்த கடன் கோரிக்கைகளை 1805 முதல் ஓர் ஆணையம் கால் நூற்றாண்டு ஆராய்ந்தபோது, ஏறத்தாழ 3 கோடி பவுன் கோரப்பட்டதில் பத்தில் ஒரு பங்குகூட உண்மைக் கடனாகத் தேறவில்லை. கணக்கை எடுத்துப் பார்த்தால் பொய் தெரிந்துவிடும் என்பதும், பார்க்க விடாமல் தடுக்கும் வலிமை பயன்பெறுபவர் கையிலேயே இருந்தது என்பதும் அந்த வரலாறு தரும் பாடம். லண்டனில் எடுத்த முடிவுக்கான விலையைக் கர்நாடகத்தின் குடியானவர்கள் வரியாகக் கொடுத்தார்கள்.

நன்கொடைச் சட்டம் நடந்த பாதை

சுதந்திர இந்தியாவில், நிறுவனங்கள் கட்சிகளுக்குப் பணம் தரலாமா என்ற கேள்வி முதலில் நீதிமன்றத்தில் எழுந்தது 1957இல். கட்சிகளுக்கு நன்கொடை தருவதற்கு வசதியாகத் தன் அமைப்பு விதிகளைத் திருத்திக்கொள்ள டாடா இரும்பு எஃகு நிறுவனம் அனுமதி கோரியபோது, பம்பாய் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி எம்.சி.சாக்ளா அன்றைய சட்டப்படி அதை அனுமதித்தார். எனினும் இப்பழக்கம் வளர்ந்தால் ஜனநாயகத்துக்கே ஆபத்து என்று எச்சரித்து, நாடாளுமன்றம் இதில் தலையிட வேண்டும் என்றார். 1960இல் நிறுவனங்கள் சட்டத்தில் உச்சவரம்பு சேர்க்கப்பட்டது. தமிழ்நாட்டைச் சேர்ந்த கே.சந்தானம் தலைமையிலான ஊழல் தடுப்புக் குழு 1964இல் நிறுவன நன்கொடைகளை முற்றாகத் தடைசெய்யப் பரிந்துரைத்தது. 1969இல் தடை வந்தது. தேர்தல் செலவுக்குச் சட்டபூர்வமான வேறு ஏற்பாடு எதையும் செய்யாமல் கொண்டுவரப்பட்ட அத்தடை, பணத்தை நிறுத்தவில்லை. கறுப்புப் பணமாக்கிக் கண்ணில் படாமல் செய்தது. எனவே 1985இல் தடை நீக்கப்பட்டு, மூன்றாண்டுச் சராசரி நிகர லாபத்தில் 5 விழுக்காடு வரை தரலாம் என்றாயிற்று. 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 182ஆம் பிரிவு அதை 7.5 விழுக்காடாக உயர்த்தி, எந்தக் கட்சிக்கு எவ்வளவு என்பதை லாப நட்டக் கணக்கில் காட்டவேண்டும் என்றது.

2017ஆம் ஆண்டு நிதிச் சட்டம் இந்த இரண்டு காவல்களையும் அகற்றியது. உச்சவரம்பு போயிற்று, கட்சியின் பெயரைக் காட்டவேண்டியதும் போயிற்று. பாரத ஸ்டேட் வங்கியில் வாங்கிப் பெயர் தெரியாமல் கட்சிகளுக்குக் கொடுக்கும் தேர்தல் பத்திரங்கள் 2018 முதல் புழக்கத்துக்கு வந்தன. நட்டத்தில் இயங்கும் நிறுவனமும் நன்கொடை தரலாம் என்ற நிலை, பிறர் பணத்தைக் கொடுக்கும் முகமூடி நிறுவனங்களுக்கு வாசலைத் திறந்தது. இந்திய ரிசர்வ் வங்கியும் தேர்தல் ஆணையமும் முன்கூட்டியே தெரிவித்த எதிர்ப்புகள் ஏற்கப்படவில்லை. ஐந்து நீதிபதிகள் அமர்வு 2024இல் அளித்த தீர்ப்பு, வாக்காளரின் தகவல் அறியும் உரிமையை முன்வைத்து இத்திட்டத்தை ரத்து செய்ததுடன், நிறுவனங்கள் தரும் நன்கொடை பெரும்பாலும் பதிலுக்கு ஒரு பயனை எதிர்பார்த்துச் செய்யும் வணிக நடவடிக்கையே என்ற கருத்தையும் பதிவு செய்து, உச்சவரம்பை நீக்கியது செல்லாது என்றது.

தீர்ப்புக்குப் பின் வெளியான பட்டியல் நாட்டையே உலுக்கியது. 2018 முதல் 2024 ஜனவரி வரை விற்கப்பட்ட பத்திரங்களின் மதிப்பு 16,518 கோடி ரூபாய். அதில் மிகப் பெரிய பங்கு மத்தியில் ஆளும் பாரதிய ஜனதாவுக்குச் சென்றது. பட்டியலில் முதலிடம் பெற்ற, கோயம்புத்தூரைத் தளமாகக் கொண்ட ஃபியூச்சர் கேமிங் என்ற லாட்டரி நிறுவனம் 1,368 கோடி ரூபாய்க்குப் பத்திரம் வாங்கியிருந்தது. அது அந்த ஆண்டுகளில் காட்டிய லாபத்தைவிடப் பல மடங்கு அதிகம். லாட்டரி விற்பனை 2003இலேயே தடைசெய்யப்பட்ட தமிழ்நாட்டில், பட்டியல் வெளியானபோது ஆளும் கட்சியாக இருந்த திராவிட முன்னேற்றக் கழகம் இந்நிறுவனத்திடமிருந்து 500 கோடி ரூபாய்க்கு மேல் பெற்றிருந்தது. கொடுத்தவர் பெயர்களைத் திமுகவும் அதிமுகவும் தேர்தல் ஆணையத்திடம் தாமாகத் தெரிவித்திருந்தன என்பதும், இடதுசாரிக் கட்சிகள் பத்திரம் வாங்க மறுத்தன என்பதும் நேர்மையாகச் சொல்லப்பட வேண்டியவை. ஆயினும் வெளிப்படைத்தன்மை கட்சிகளின் விருப்பத்தைப் பொறுத்ததாக இருக்கக் கூடாது.

கட்சிகளின் விருப்பத்தை எவ்வளவு நம்பலாம் என்பதற்கு, தூத்துக்குடியால் தமிழர் அனைவருக்கும் தெரிந்த ஸ்டெர்லைட் நிறுவனத்தின் நன்கொடை ஒரு சான்று. வெளிநாட்டுத் தாய் நிறுவனத்தைக் கொண்ட ஸ்டெர்லைட், சேசா நிறுவனங்களிடமிருந்து நன்கொடை பெற்றதால் காங்கிரசும் பாரதிய ஜனதாவும் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தை மீறியுள்ளன என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2014 மார்ச்சில் தீர்ப்பளித்தது. 2016, 2018 நிதிச் சட்டங்களின் வழியாக, எது வெளிநாட்டு நிறுவனம் என்பதற்கான விளக்கமே 1976ஆம் ஆண்டு வரை முன்தேதியிட்டு மாற்றப்பட்டு, மீறல் மீறலாக இல்லாமல் போயிற்று. மற்றெல்லாவற்றிலும் எதிரெதிராக நிற்கும் இரு கட்சிகளுக்கும் இத்திருத்தங்களால் ஒருசேர விடுதலை கிடைத்தது.

வாஷிங்டனில் தெரிவது, மறைமலைநகரில் தெரியாது

நன்கொடைப் பணம் தேர்தல் காலத்தில் பெருகி வடிகிறது. லாபியோ ஆண்டு முழுவதும் ஓயாமல் நடக்கிறது. இறக்குமதி வரி, வாகனப் புகை விதி, மின்கட்டணம், சுற்றுச்சூழல் அனுமதி, தொழிலாளர் நேரம் என ஒவ்வொன்றிலும் நிறுவனத்தின் கோரிக்கை ஒரு கடிதமாக, ஒரு விளக்கக் கூட்டமாக, ஒரு வரைவு வாசகமாக அரசு அலுவலகத்தை அடைகிறது. கோரிக்கை வைப்பது குற்றமன்று. அரசுக்குத் தெரியாத தொழில்நுட்ப உண்மைகளை நிறுவனங்கள் எடுத்துச் சொல்வது நல்ல சட்டம் உருவாக உதவவும் கூடும். மீனவர் சங்கமும் தொழிற்சங்கமும் செய்வது இதே வேலையே. அவர்கள் அதைச் சாலையில் ஊர்வலமாகவும் ஆட்சியர் அலுவலகத்தில் மனுவாகவும் ஊரறியச் செய்கிறார்கள். நிறுவனம் அறைக்குள் செய்கிறது என்பதே வேறுபாடு.

அமெரிக்காவில் 1995ஆம் ஆண்டுச் சட்டப்படி, லாபிக்குச் செலவிடும் நிறுவனம் காலாண்டுக்கொருமுறை, எந்த மசோதா குறித்து, எந்த அமைப்பை அணுக, யாரை வைத்து, எவ்வளவு செலவிட்டது என்று பதிவு செய்தாக வேண்டும். ஜெர்மனியில் 2022 முதல் லாபி பதிவேடு நடைமுறையில் உள்ளது. 2024 மார்ச் முதல் குறிப்பிட்ட சட்ட முன்வரைவுகளின் பெயரையும், அரசுக்கு அளித்த முக்கியக் கருத்துரைகளையும் சேர்த்தே பதிவேற்ற வேண்டும். பிரிட்டனில் நிறுவனங்கள் ஆண்டுக்கு 5,000 பவுனுக்கு மேல் அரசியல் நன்கொடை தரவேண்டுமானால் பங்குதாரர்களின் ஒப்புதலைப் பெறவேண்டும். ஆனால் அங்குள்ள 2014ஆம் ஆண்டு லாபி பதிவேடு பிறருக்காகக் கட்டணம் வாங்கி லாபி செய்பவர்களை மட்டுமே பிடிக்கிறது, நிறுவனத்தின் சொந்த ஊழியர்களை விட்டுவிடுகிறது. அரைகுறையாக எழுதப்படும் பதிவேடு என்ன பலன் தரும் என்பதற்கு அதுவே பாடம்.

செங்கல்பட்டுக்குள் வந்து பார்த்தால் முரண் துலங்கும். மறைமலைநகரில் 1990களில் ஆலை அமைத்து, 2021 செப்டம்பரில் இந்திய உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்து, 2022இல் மூடிவிட்டு, பின்னர் மீண்டும் திறக்கத் தமிழக அரசுடன் பேசிய ஃபோர்டு நிறுவனமும், மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் 2007 முதல் கார் தயாரிக்கும் பிஎம்டபிள்யூ நிறுவனமும், தத்தம் தாயகத்தில் லாபி பதிவேட்டுச் சட்டங்களுக்குக் கட்டுப்பட்டவை. அமெரிக்கக் குடிமகன் அந்தப் பதிவேட்டைத் திறந்து தன் நாட்டு அரசிடம் ஃபோர்டு எதைக் கேட்டது என்று படிக்கலாம். அதே நிறுவனம் சென்னையிலோ டெல்லியிலோ எதைக் கேட்டது என்பதை, அந்த ஆலையை நம்பிச் சிங்கப்பெருமாள் கோயிலில் வாடகை வீடு எடுத்த தொழிலாளி அறிய முடியாது. இது அந்நிறுவனங்களின் குற்றமன்று. கேட்க வேண்டிய சட்டம் கேட்காமல் இருக்கிறது.

இந்தியாவைப் பற்றிய செய்தியே வெளிநாட்டுப் பதிவேட்டிலிருந்து வந்த வேடிக்கையும் நடந்திருக்கிறது. 2012 டிசம்பரில், இந்தியச் சந்தைக்குள் நுழைவது உள்ளிட்ட விவகாரங்களுக்காக வால்மார்ட் 2008 முதல் சுமார் 2.5 கோடி டாலரை லாபிக்குச் செலவிட்டதாக அமெரிக்கப் பதிவுகளில் காணப்பட்டது. சில்லறை வணிகத்தில் அந்நிய முதலீட்டுக்கு அனுமதி கிடைத்துச் சில மாதங்களே ஆன நிலையில் நாடாளுமன்றம் கொந்தளித்தது. நீதிபதி முகுல் முத்கல் விசாரணைக்கு அமர்த்தப்பட்டார். விதிமீறலை உறுதி செய்யும் சான்று கிடைக்காமலே விசாரணை முடிந்தது. பதிவேடே இல்லாத நாட்டில் சான்று எங்கிருந்து கிடைக்கும்? 2013இல் லாபி வெளிப்படுத்தலுக்கென ஒரு தனிநபர் மசோதா மக்களவையில் வந்தது, அது சட்டமாகவில்லை.

விருப்பப் பத்தியும் கட்டாயப் பத்தியும்

இந்தியாவில் நிறுவனங்களின் லாபியைத் தொடும் ஒரே ஒழுங்குமுறை, பங்குச் சந்தை ஒழுங்குமுறை வாரியமான செபி 2021இல் வகுத்து, 2022-23 முதல் சந்தை மதிப்பில் முதல் 1,000 பட்டியலிட்ட நிறுவனங்களுக்குக் கட்டாயமாக்கிய, வணிகப் பொறுப்பும் நீடித்ததன்மையும் குறித்த அறிக்கையில் இருக்கிறது. அதன் ஏழாம் கொள்கை, பொதுக் கொள்கையில் செல்வாக்குச் செலுத்தும் நிறுவனம் அதைப் பொறுப்புடனும் வெளிப்படையாகவும் செய்யவேண்டும் என்கிறது. அறிக்கையைத் திறந்து அப்பக்கத்தைப் பார்ப்பவர் இரண்டு பகுதிகளைக் காண்பார். கட்டாயப் பகுதியில், லாபி தொடர்பாக, எத்தனை தொழில் கூட்டமைப்புகளில் உறுப்பினர், அவற்றில் முதல் பத்தின் பெயர் என்ன என்பன மட்டும் கேட்கப்படுகின்றன. எனவே இந்தியத் தொழில் கூட்டமைப்பு, ஃபிக்கி, அசோசாம் என்ற பெயர்களே அறிக்கைக்கு அறிக்கை வரிசையாக நிற்கின்றன. எந்தக் கொள்கைக்காக வாதாடினீர்கள், எந்த வழியில், அது பொதுவெளியில் உள்ளதா, இயக்குநர் குழு அதை எத்தனை மாதத்துக்கு ஒருமுறை பரிசீலிக்கிறது, இணைய முகவரி என்ன என்று ஐந்து பத்திகளில் கேட்கும் அட்டவணை, விரும்பினால் நிரப்பலாம் என்ற பகுதியில் வைக்கப்பட்டிருக்கிறது. உயிரான கேள்வி விருப்பத்துக்கு விடப்பட்டு, சடங்கான கேள்வி கட்டாயமாக்கப்பட்டிருக்கிறது.

நன்கொடைப் பக்கத்திலும் ஓட்டைகள் அடைபடவில்லை. 2013ஆம் ஆண்டுத் திட்டத்தின்கீழ் இயங்கும் தேர்தல் அறக்கட்டளைகள், பல நிறுவனங்களிடம் பணம் பெற்று, அதில் 95 விழுக்காட்டைக் கட்சிகளுக்குப் பகிர்ந்தளிக்கின்றன. கொடுத்தவர் பட்டியலும் பெற்ற கட்சிகளின் பட்டியலும் வெளியாகின்றன. எந்த நிறுவனத்தின் பணம் எந்தக் கட்சிக்குச் சென்றது என்பது, பல ஆறுகள் கலந்த ஏரியில் தண்ணீரைப் பிரிக்க முடியாததுபோல் மறைந்துவிடுகிறது. பத்திரங்கள் ஒழிந்தபின் இவ்வழியில் செல்லும் பணம் வேகமாகப் பெருகியிருக்கிறது. 20,000 ரூபாய்க்கு மேற்பட்ட நன்கொடைகளைக் கட்சிகள் ஆண்டுக்கு ஒருமுறை தெரிவிப்பதால், வாக்களித்து முடித்துப் பல மாதம் கழித்தே வாக்காளர் அதை அறிகிறார்.

நன்கொடையை இயக்குநர் குழுவின் தீர்மானமே முடிவு செய்கிறது. பங்குதாரர்களின் ஒப்புதலை 182ஆம் பிரிவு கேட்பதில்லை. பங்குதாரர் என்றால் மும்பையின் செல்வந்தர் மட்டும்தான் என்று எண்ணிவிடக் கூடாது. தொழிலாளர் வருங்கால வைப்பு நிதியின் ஒரு பகுதி 2015 ஆகஸ்ட் முதல் பங்குச் சந்தை நிதிகள் வழியாக நாட்டின் பெரிய நிறுவனங்களில் முதலீடு செய்யப்படுகிறது. மறைமலைநகரிலும் சிறுசேரியிலும் வேலை செய்பவரின் பி.எஃப். சேமிப்பு அந்த நிறுவனங்களில் பங்காக இருக்கும்போது, நன்கொடையாகப் போவதில் அவருடைய காசும் இருக்கிறது; வருமான வரிச் சட்டத்தின் 80ஜிஜிபி பிரிவு அந்நன்கொடைக்கு முழு வரிக்கழிவு தந்துவந்திருப்பதால், வரி செலுத்தும் எல்லோருடைய காசும் இருக்கிறது. காசு கொடுத்தவருக்குக் கணக்குக் கேட்கும் உரிமை இயல்பானது.

செய்ய வேண்டியவை

வெளிப்படுத்தினால் மற்றக் கட்சிகளின் பழிவாங்கலுக்கு நிறுவனங்கள் ஆளாகும் என்ற வாதம் உச்ச நீதிமன்றத்திலேயே வைக்கப்பட்டு ஏற்கப்படாமல் போனது. அரசு வங்கி வழியாக விற்ற பத்திரத்தின் விவரம் ஆளுங்கட்சிக்கு எட்டக்கூடியது என்பதால், அந்த ரகசியம் மக்களிடமிருந்து மட்டுமே காக்கப்பட்டது. வணிக ரகசியம் வெளியாகிவிடும் என்ற அச்சத்துக்கு, விலையையும் தொழில்நுட்பத்தையும் விலக்கி, கோரிக்கையை மட்டும் வெளியிடும் விதி போதுமான விடை. பெருநிறுவனங்களோடு மட்டும் தொடங்கினால் சிறு நிறுவனங்களுக்குச் சுமை என்ற பேச்சுக்கும் இடமில்லை.

நாடாளுமன்றம் 182ஆம் பிரிவைத் திருத்தி, அரசியல் நன்கொடைக்குப் பங்குதாரர்களின் முன் ஒப்புதலையும், கொடுத்த முப்பது நாளுக்குள் கட்சியின் பெயருடன் வெளியிடுவதையும் கட்டாயமாக்க வேண்டும். அறக்கட்டளை வழியாகச் சென்றாலும் நிறுவனத்துக்கும் கட்சிக்கும் உள்ள தொடர்பு ரூபாய்க் கணக்கில் தெரியவேண்டும். செபி, ஏழாம் கொள்கையின் ஐந்து பத்தி அட்டவணையை விருப்பப் பகுதியிலிருந்து கட்டாயப் பகுதிக்கு மாற்றி, தொழில் கூட்டமைப்புகளுக்குக் கட்டிய சந்தாவையும், அக்கூட்டமைப்புகள் நிறுவனத்தின் பெயரால் என்ன கேட்டன என்பதையும் சேர்க்கவேண்டும். அதற்குப் பெயர் சொல்லக்கூடிய ஓர் இயக்குநர் பொறுப்பேற்க வேண்டும். இதற்குப் புதிய சட்டம்கூடத் தேவையில்லை, வாரியத்தின் ஒரு சுற்றறிக்கை போதும். சட்டமியற்றுமுன் 30 நாள் மக்கள் கருத்தைக் கேட்கவேண்டும் என்று மத்திய அரசு 2014இல் வகுத்த நெறிமுறையைச் சட்டமாக்கி, வரைவுக்கு வந்த கருத்துரைகள் யாவற்றையும் அனுப்பியவர் பெயருடன் வெளியிடவேண்டும். அப்போது 200 மீட்டரை 50 ஆக்கச் சொன்னவர் பெயரும், ஆக்காதே என்று சொன்ன குப்பத்தின் பெயரும் ஒரே தாளில் இருக்கும்.

நிறுவனச் சட்டமும் தேர்தல் சட்டமும் மத்திய அரசின் அதிகாரத்தில் இருப்பதைக் காட்டித் தமிழக அரசு ஒதுங்கிக்கொள்ள வேண்டியதில்லை. பெரு முதலீடுகளுக்கு நிலமும் வரிச் சலுகையும் மூலதன மானியமும் சேர்த்து மாநிலம் தனித் தொகுப்பாக வழங்கிவருகிறது; தொகுப்பைப் பெறும் நிறுவனம் தன் அரசியல் நன்கொடைகளையும், மாநில அரசிடம் வைத்த கோரிக்கைகளையும் ஆண்டுதோறும் தமிழில் வெளியிடவேண்டும் என்ற ஒரு நிபந்தனையைச் சிப்காட் ஒதுக்கீட்டு ஆணையிலும் புரிந்துணர்வு ஒப்பந்தத்திலும் எழுத மாநிலத்துக்கு முழு உரிமை உண்டு. அமைச்சர்களும் துறைச் செயலர்களும் நிறுவனப் பிரதிநிதிகளைச் சந்தித்த நாளையும் பொருளையும் மாதந்தோறும் வெளியிடுவதற்கு ஓர் அரசாணையே போதுமானது. கடலோர வரைபடத்தை இறுதி செய்யுமுன், அதன்மீது வந்த எல்லா முறையீடுகளையும் அந்தந்த ஊராட்சி அலுவலகத்தில் வைப்பதும் மாநிலத்தின் கையிலேயே இருக்கிறது.

இவற்றில் எதுவும் தொழில் வளர்ச்சிக்கு எதிரானதன்று. நேர்மையாகக் கோரிக்கை வைக்கும் நிறுவனம், அதே கோரிக்கையை மறைவாக வாங்கிக்கொள்ளும் போட்டியாளரிடம் தோற்காமல் இருக்க, பொதுப் பதிவேடுதான் அதற்கும் பாதுகாப்பு. ஆற்காட்டுக் கடன் கணக்கைத் திறந்து பார்க்க இந்த மண் பல்லாண்டுகள் காத்திருக்க நேர்ந்தது, பார்த்தபோது பணம் போய்விட்டிருந்தது. தேர்தல் பத்திரக் கணக்கு ஆறு ஆண்டுகளில் திறக்கப்பட்டது. அதற்குள் ஒரு மக்களவைத் தேர்தலும் பல சட்டமன்றத் தேர்தல்களும் நடந்து முடிந்துவிட்டன. முடிவு எடுக்கப்பட்டபின் தெரியவரும் உண்மை வரலாற்றுக்குப் பயன்படும்; வாக்காளருக்குப் பயன்பட வேண்டுமானால் அது முடிவுக்கு முன்பே தெரியவேண்டும். அதற்கான விதிகளை எழுதுமாறு, தங்கள் வாக்குக் கேட்டு வரும் ஒவ்வொரு வேட்பாளரிடமும் மறைமலைநகரின் தொழிலாளியும் கொக்கிலமேட்டின் மீனவரும் வற்புறுத்தும் நாள் விரைவில் வரவேண்டும்.